1950கள்ல மெட்ராஸ் டீன்ஏஜ் பசங்க தியேட்டர்ல எப்படி நடந்துக்கிட்டாங்க: ஒரு முழுமையான வழிகாட்டி

1950கள் மெட்ராஸை வச்சு குறும்படம் எடுக்கறவங்க, கதை எழுதறவங்க, ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு நாடகம் போடறவங்க, இவங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதறேன். ஏன்னா இந்த மாதிரி கதைகள்ல பதினஞ்சு பதினாறு வயசு பசங்க சினிமாவுக்கு போற சீன் வந்தா, பாவாடை தாவணியும் அரை டிராயரும் மட்டும் சரியா இருக்கும், மத்தபடி இப்ப மால்ல படம் பாக்கப் போற மாதிரியே காமிச்சுடறாங்க. அப்ப வீட்டை விட்டு கிளம்பறதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு முறை இருந்துச்சு. அதை ஒவ்வொரு படியா சொல்றேன்.

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன். அந்த ஒழுங்குல ரெண்டு வகை இருந்துச்சு. ஒண்ணு அந்த ஹால், அந்த மெஷின், அந்த ஃபிலிம், ஆயிரம் பேர் ஒரே திரையைப் பாக்கறது, இதுங்களால தானா வந்தது. இன்னொண்ணு நாலு பேர் என்ன சொல்லுவாங்களோங்கற பயத்துல வந்தது. பெரியவங்க "அந்தக் காலத்துல எவ்ளோ ஒழுக்கம்"னு சொல்லும்போது ரெண்டையும் ஒண்ணா கலந்துடறாங்க. முதல் வகை மேல எனக்கு ரொம்ப மதிப்பு உண்டு, இப்பவும் அதெல்லாம் வேணும்னு நினைக்கறேன். ரெண்டாவது போனதே நல்லது.

படி 1: வீட்ல அனுமதி வாங்கறது

மெட்ராஸுக்கு டிவி வந்ததே 1975 ஆகஸ்ட் 15லதான், அதனால 1950கள்ல பசங்களுக்கு ரேடியோ, சபா நாடகம், கோயில் திருவிழா, இதை விட்டா சினிமா, அவ்ளோதான். ஆனா வீட்ல சினிமான்னா பயம். "சினிமா பாத்தா கெட்டுப்போயிடுவான்"னு நிஜமாவே நம்பினாங்க, ராஜாஜி மாதிரி பெரிய தலைவருக்கே சினிமா புடிக்காதுங்கறது ஊரறிஞ்ச விஷயம், அப்ப சாதாரண அப்பாக்களைப் பத்தி கேக்கவே வேணாம்.

அப்பாகிட்ட நேரா போய் கேக்க மாட்டாங்க, அம்மா மூலமாத்தான் போகும். கேக்கற நேரமும் முக்கியம், பரீட்சை முடிஞ்சிருக்கணும், இல்ல பொங்கல் தீபாவளியா இருக்கணும். பக்திப் படம்னா வீடே கிளம்பும், பாட்டியும் வருவாங்க. சண்டைப் படம், காதல் படம்னா ஒரு வாரம் கெஞ்சணும்.

பையனுக்கு ஃப்ரெண்ட்ஸோட போக ஒரு வயசுக்கு மேல விட்டுடுவாங்க. பொண்ணுங்களுக்கு அது கிடையாது, கூட அத்தை, சித்தி, கல்யாணமான அக்கா யாராவது வரணும், யாருமே இல்லேன்னா பத்து வயசு தம்பியையாவது துணைக்கு அனுப்புவாங்க. பதினேழு வயசு பொண்ணுக்கு பத்து வயசு பையன் காவல்! உங்க கதையில ரெண்டு காலேஜ் பொண்ணுங்க தனியா நைட் ஷோ போற மாதிரி வச்சீங்கன்னா, அது வீட்ல எவ்ளோ பெரிய பூகம்பமா இருந்திருக்கும்னும் சேத்து எழுதுங்க.

சென்சார் விஷயமும் இருக்கு. 'யு', 'ஏ'ன்னு பிரிக்கறது 1949லயே சட்டத்துக்கு வந்துடுச்சு, அப்புறம் 1952 சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்துச்சு. 'ஏ'ன்னா 18 வயசு முடிஞ்சவங்களுக்கு மட்டும்தான். அதனால பதினாறு வயசு பையன் இங்கிலீஷ் படம் போறதுக்கு முன்னாடி போஸ்டர்ல அதைப் பாத்துக்கணும், இல்லேன்னா கேட்ல நிறுத்தினா அசிங்கம்.

படி 2: எந்த தியேட்டர்னு முடிவு பண்றது

இதுலதான் கதை எழுதறவங்க நிறைய தப்பு பண்றாங்க. சாந்தி தியேட்டர் வந்தது 1961ல, ஆனந்த் 1962ல, சஃபையர் காம்ப்ளெக்ஸ் 1964ல. 1955ல நடக்கற கதையில யாரும் சாந்திக்கு போக முடியாது. அப்ப மவுண்ட் ரோடு பக்கம்னா 1914ல ரகுபதி வெங்கையா கட்டின கெயிட்டி, அப்புறம் வெலிங்டன், எல்ஃபின்ஸ்டன், கேசினோ. ஜார்ஜ் டவுன் பக்கம் பிராட்வே, மினர்வா. தங்கசாலைன்னா முருகன். மயிலாப்பூர்காரங்களுக்கு லஸ் காமதேனு. கேசினோ, மினர்வா ரெண்டும் இங்கிலீஷ் படத்துக்கு பேர் போனது.

தி.நகர் பாண்டி பஜார்ல ராஜகுமாரி தியேட்டர் இருந்துச்சே, அது நடிகை டி.ஆர்.ராஜகுமாரியோடது. அவங்க நடிச்ச 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்துச்சு. படம் அவ்ளோ நாள் ஓடும்ங்கறதை மனசுல வச்சுக்கோங்க, பசங்க பொறுமைக்கு அதுதான் காரணம். இந்த வாரம் வீட்ல விடலையா, பரவால்ல, அடுத்த மாசம் போலாம், நல்ல படம்னா அங்கேயே இருக்கும். அதுவும் இல்லாம அது சின்ன தியேட்டருக்கும், அப்புறம் ஊருக்கு வெளியில கீத்து போட்டு நடத்தற தற்காலிக தியேட்டரான டூரிங் கொட்டகைக்கும் சுத்தி வரும், டிக்கெட்டும் அங்க மலிவு.

எப்படி போறதுங்கறதும் கணக்கு. 1953 வரைக்கும் டிராம் ஓடுச்சு, அதுக்கப்புறம் பஸ், இல்ல பீச்-தாம்பரம் மின்சார ரயில். நிறைய பேர் நடந்தேதான் போனாங்க, டிராம் காசு மிச்சமானா அது இடைவேளை முறுக்குக்கு ஆச்சு.

படி 3: டிரெஸ்

இதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பக்கத்து தியேட்டருக்கு தோய்ச்ச டிரெஸ் போதும். மவுண்ட் ரோடு இங்கிலீஷ் படத்துக்கு பால்கனின்னா பையன் பேண்ட் சட்டையை இன் பண்ணி ஷூ போடுவான், இல்லேன்னா அந்தக் கூட்டத்துல கூச்சமா இருக்கும். பொண்ணுங்க பாவாடை தாவணி, தலை நிறைய மல்லிப்பூ. மழைக்காலத்துல குடையை ஹாலுக்குள்ள விரிச்சு காயப்போடாம மடக்கி காலடியில வச்சுக்கணும், தண்ணி பக்கத்து சீட்டுக்கு ஓடக்கூடாது.

படி 4: க்யூவும் டிக்கெட்டும்

மலிவு டிக்கெட் க்யூ எப்படி இருக்கும்னா ஒரு ஆள் மட்டும் நிக்கற அகலத்துல சந்து, ரெண்டு பக்கமும் சுவரு இல்ல கம்பி, உள்ள நுழைஞ்சுட்டா திரும்ப வெளிய வர முடியாது. முன்னாடி இருக்கறவர் வேர்வை உங்க மேல, உங்க வேர்வை பின்னாடி இருக்கறவர் மேல. அதுல தள்ளினா நிஜமாவே ஆளுக்கு மூச்சு முட்டும். அதனால க்யூ ஒழுங்குங்கறது அங்க வெறும் நல்ல பேர் வாங்கற விஷயம் இல்ல. சுவர் மேல ஏறி தலைகளுக்கு மேலயே நடந்து கவுண்ட்டருக்கு போற பசங்க இருந்தாங்க, புதுப்படம் வந்தா இதெல்லாம் நடக்கும், ஆனா அதை வீரம்னு காமிக்காதீங்க, கீழ நசுங்கினது சின்னப் பசங்க.

காசை சரியா எண்ணி கையில மூடி வச்சுக்கணும். கவுண்ட்டர் ஓட்டை கை நுழையற அளவுதான், காசு கீழ விழுந்தா போச்சு. 1957 ஏப்ரல் 1ல நயா பைசா வந்தப்போ ரொம்ப குழப்பம், ஏன்னா கொஞ்ச காலம் அணாவும் நயா பைசாவும் ரெண்டுமே புழக்கத்துல இருந்துச்சு. நாலணான்னா 25 நயா பைசான்னு சரியா வந்துடும், ஆனா ஒரு அணாவுக்கு ஆறேகால் வருது, அந்தக் காலை எப்படி குடுக்கறது? அதனால ஒரு அணாவுக்கு 6னு முழுசாக்கித்தான் குடுத்து வாங்கினாங்க. கதை 1956லயா 1958லயான்னு பாத்து காசைப் பத்தி எழுதுங்க.

பொண்ணுங்களுக்கு தனி க்யூ, அது சீக்கிரம் நகரும். பசங்க அங்க நிக்கற அக்காகிட்ட போய் "அக்கா எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கித் தாங்கக்கா"ன்னு கேப்பாங்க. இதுக்கும் ஒரு முறை இருந்துச்சு, வயசுல பெரியவங்ககிட்ட மட்டும்தான் கேக்கணும், தன் வயசு பொண்ணுகிட்ட கேக்கக்கூடாது, ஒருத்தர் மாட்டேன்னா அடுத்தவரைத் தொந்தரவு பண்ணாம போயிடணும்.

பிளாக்ல டிக்கெட் வாங்கக்கூடாதுன்னு வீட்ல கண்டிப்பா சொல்லி அனுப்புவாங்க. ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிட்டா திரும்பி வந்துடணும்.

படி 5: உள்ள போய் உக்காரது

ரெக்கார்டுல பக்திப் பாட்டு போட்டா ஷோ ஆரம்பிக்கப் போகுதுன்னு அர்த்தம், டீக்கடையில நிக்கறவங்க எல்லாம் கிளாஸை வச்சுட்டு ஓடுவாங்க. மலிவு டிக்கெட்டுக்கு சீட் நம்பர் கிடையாது, அதனால துண்டு போட்டு இடம் புடிக்கறதுதான். துண்டு போட்ட இடத்தை யாரும் எடுக்க மாட்டாங்க, இதை எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா ஒரு துண்டுக்கு ஒரு ஆள், ரெண்டு ஆள், அதுக்கு மேல பெஞ்ச் முழுக்க வேட்டியை விரிச்சா சண்டை வரும், அந்தச் சண்டை நியாயமானதும் கூட.

முதல்ல விளம்பர ஸ்லைடு, அப்புறம் நியூஸ் ரீல். மத்திய அரசோட ஃபிலிம்ஸ் டிவிஷனை 1948ல ஆரம்பிச்சாங்க, அவங்க எடுத்த நியூஸ் ரீலை தியேட்டர்ல கட்டாயம் போட்டே ஆகணும். நேரு அணையைத் திறந்து வைக்கறதும் வெள்ள நிவாரணமும் பசங்களுக்கு போரடிக்கும், ஆனா லேட்டா வர்றவங்களுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் காப்பு. மெயின் படம் ஆரம்பிக்கறதுக்குள்ள இடத்துல உக்காந்துடணும், அதுக்கப்புறம் வந்தா டார்ச் அடிக்கற ஆள் காமிக்கற வழியில குனிஞ்சு போகணும். குனியறது ஏன்னா, சின்ன கொட்டகைல மெஷின் ரூம் உயரம் கம்மி, வெளிச்சம் தலைக்கு கொஞ்சம் மேலதான் போகும், நிமிர்ந்து நடந்தா கதாநாயகி முகத்துல உங்க தலை நிழல் விழும், கொட்டகையே சேந்து "உக்காருய்யா"ன்னு கத்தும்.

டூரிங் கொட்டகையில தரை டிக்கெட்டுன்னா மணல். அங்க ஒரு பெரிய பிரச்னை, மணலைக் குவிச்சு மேடாக்கி அது மேல உக்காரது. முன்னாடி ஒருத்தன் அரை அடி குவிச்சா பின்னாடி இருக்கறவன் ஒரு அடி குவிக்கணும், அவனுக்குப் பின்னாடி இருக்கறவன் எழுந்து நிக்கணும், கடைசியில பெஞ்சுக்காரங்களுக்கே மறைக்கும். இதைப் பெரியவங்க வந்து காலால தட்டி சமமாக்குவாங்க. எனக்கு இந்த மணல் மேடு விஷயம் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா தியேட்டர் ஒழுங்கு முழுக்க இதுல இருக்கு, நான் நல்லா பாக்கணும்னு செய்யறது பின்னாடி வரிசை வரிசையா எத்தனை பேருக்கு மறைக்குதுன்னு யோசிக்கறது. இப்ப இருட்டுல ஃபோனை வெளிச்சமா புடிக்கறவங்களுக்கும் இதேதான் பொருந்தும்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்னு நடுவுல ஒரு தடுப்பு இருக்கும். குடும்பமா வந்தாலும் பொண்ணு அம்மாவோட அந்தப் பக்கம், பையன் இந்தப் பக்கம். பெரிய தியேட்டர் உசந்த வகுப்புல சேந்து உக்காரலாம், அங்கயும் பொண்ணை ஓரத்துல உக்கார வைக்க மாட்டாங்க, ரெண்டு பக்கமும் வீட்டு ஆள் இருக்கணும்.

படி 6: படம் ஓடும்போது

அமைதியா பாத்தாங்கன்னு நினைச்சா தப்பு. முன் வரிசையில விசில் உண்டு, கைத்தட்டல் உண்டு, நல்ல பாட்டு வந்தா "ஒன்ஸ்மோர்" உண்டு, வில்லனைத் திட்டறது உண்டு. அது அங்க மரியாதைக் குறைவு இல்ல, படத்துல ஒன்றிப் போறதுதான். பால்கனியில அதையே பண்ணினா திரும்பிப் பாப்பாங்க. பசங்க இதைத் தெரிஞ்சு வச்சிருந்தாங்க, எந்த டிக்கெட் வாங்கினமோ அந்த வகுப்பு மாதிரி நடந்துப்பாங்க. எனக்கு இந்த வகுப்புப் பிரிவினை புடிக்கல, உண்மையைச் சொல்லணும்னா படத்தை நல்லா ரசிச்சது தரை டிக்கெட்தான்.

கத்தக்கூடாத நேரம் ஒண்ணு இருந்துச்சு, வசனம். அந்தக் காலப் படங்கள் வசனத்துக்காகவே ஓடினது, 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தப்புறம் பசங்க பக்கம் பக்கமா வசனத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சாங்க. மனப்பாடம் ஆனவன் திரையில வர்றதுக்கு முன்னாடியே கூட சேந்து சொல்லுவான், அது பக்கத்துல முதல் தடவை பாக்கறவனுக்கு பெரிய தொல்லை. வசனம் முடிஞ்சப்புறம் கைத்தட்டு, நடுவுல வாயைத் திறக்காதே, இதுதான் முறை. காது சரியா கேக்காத பாட்டிக்கு பேரன் என்ன நடக்குதுன்னு மெதுவா சொல்றதை மட்டும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ரீல் அறுந்தா என்ன பண்றதுங்கறது முக்கியம். 35 எம்எம் ஃபிலிம்ல 1000 அடி ஓடறதுக்கு 11 நிமிஷம், அப்ப மூணு மணி நேரப் படத்துக்கு எத்தனை ரீல்னு பாத்துக்கோங்க. ஊர் ஊரா சுத்தின பிரிண்ட்ல ஒட்டு மேல ஒட்டு இருக்கும், அது எங்கயாவது விட்டுக்கும். விளக்கு கார்பன் குச்சி எரியறது, அதை அப்பப்ப சரி பண்ணலேன்னா திரை மங்கிடும். டூரிங் கொட்டகையில ஒரே ஒரு மெஷின்தான், அதனால ரீல் மாத்த ரெண்டு மூணு தடவை இடைவேளை விடுவாங்க. இதெல்லாம் பண்ணிட்டு அந்த சூட்டுல ஒரு ஆபரேட்டர் மேல நின்னுட்டு இருக்காரு, கீழ இருந்து கெட்ட வார்த்தையில கத்தினா அவர் கை இன்னும் நடுங்கும். கைத்தட்டி ஞாபகப்படுத்தினா போதும்.

நெருப்பு விஷயத்தை விளையாட்டா எடுத்துக்காதீங்க. 1950களோட ஆரம்பம் வரைக்கும் வந்த ஃபிலிம் நைட்ரேட், பத்திக்கிச்சுன்னா தண்ணியால அணைக்க முடியாது, பழைய பிரிண்ட்கள் அதுக்கப்புறமும் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கொட்டகைன்னா மேல கீத்து வேற. அப்படி ஒரு இடத்துல பீடி குடிக்கறதும், அபிமான நடிகர் வந்தவுடனே திரை முன்னாடி சூடம் கொளுத்தறதும் நிஜமாவே ஆபத்து. திரைக்கு காசு வீசறதும் அப்படித்தான், திரைக்குப் பின்னாடிதான் ஸ்பீக்கர், சத்தம் வர்றதுக்காக திரை முழுக்க நுணுக்கமா ஓட்டை போட்டிருக்கும், காசு பட்டா கிழியும், அந்தக் கிழிசலோடதான் அடுத்த ஷோ பாக்கணும். காகிதத்தைக் கிழிச்சு வீசறவங்களை தியேட்டர்காரங்க விட்டுடுவாங்க, கூட்டினா போயிடும்.

பொண்ணுங்க பக்கம் திரும்பி விசில் அடிக்கற பசங்க அப்பவும் இருந்தாங்க. அப்ப எல்லாரும் உத்தமங்கன்னு கதை எழுதாதீங்க. கொடுமை என்னன்னா, ஒரு பையன் கிண்டல் பண்ணினா "இனிமே நீ சினிமாவுக்கே போக வேணாம்"னு சொன்னது அந்தப் பொண்ணைத்தான். அதனால பொண்ணுங்க வீட்ல சொல்லவே மாட்டாங்க.

படி 7: இடைவேளை

கைக்குட்டையை சீட்ல போட்டுட்டு, கிழிச்சுக் குடுத்த பாதி டிக்கெட்டை பத்திரமா பாக்கெட்ல வச்சுக்கிட்டு வெளிய வரணும், அது இல்லேன்னா திரும்ப உள்ள விட மாட்டாங்க. கடலைப் பொட்டலம், முறுக்கு, கலர், கோலி சோடா. எல்ஃபின்ஸ்டன்ல ஜாஃபர்ஸ் ஐஸ்கிரீம் பேர் போனது, ஆனா அது காசு இருக்கற வீட்டுப் பசங்களுக்கு. சோடா குடிச்சா பாட்டிலை அங்கேயே கடைக்காரர் கையில குடுத்துடணும், உள்ள எடுத்துட்டு போகக்கூடாது. காரணம் தரை சரிவு. கால் பட்டு பாட்டில் உருண்டா கடைசி வரிசையில இருந்து திரை வரைக்கும் கடகடன்னு உருண்டு போகும், அதுவும் சரியா அம்மா அழற சீன்லதான் உருளும்.

படத்தோட பாட்டும் கதைச் சுருக்கமும் இருக்கற பாட்டுப் புஸ்தகம் வாங்கினா பக்கத்துல கேக்கறவங்களுக்கு ஒரு தடவை பாக்கக் குடுக்கறது வழக்கம்.

படி 8: படம் முடிஞ்சப்புறம்

சுதந்திரத்துக்கு முன்னாடி இங்கிலீஷ் படம் போடற தியேட்டர்கள்ல பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தற பாட்டு போடுவாங்க. தேசிய கீதம் தியேட்டர்ல போடற வழக்கம் 1962 சீனப் போருக்கு அப்புறம் பரவினது, அதுவும் படம் முடிஞ்சப்புறம். அதனால 1955 கதையில படம் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் எழுந்து நிக்கற சீன் வைக்காதீங்க. 1960கள்ல பசங்களுக்கு இது ஒரு சோதனை, கடைசி பஸ் போயிடும்னு நிறைய பேர் கீதம் தொடங்கறதுக்குள்ள கதவுக்கு ஓடுவாங்க, ஸ்கூல்ல என்சிசி-ல இருக்கற பையன் மட்டும் அசையாம நிப்பான்.

கதவு திறந்தா பொம்பளைங்களும் குழந்தைங்களும் முதல்ல, தூங்கின குழந்தையைத் தோள்ல போட்டுட்டு வர்றவங்களுக்கு வழி விடணும். நைட் ஷோன்னா தெரு விளக்கு கம்மி, பேசிக்கிட்டே கூட்டமா நடந்து வருவாங்க, தூங்கற தெருவுல சத்தமா பாடக்கூடாது.

படி 9: மறுநாள் கதை சொல்றது

இதையும் தியேட்டர் ஒழுங்குல சேக்கணும்னு நான் அடிச்சு சொல்வேன். வகுப்புல படம் பாத்தவன் ஒருத்தன் ரெண்டு பேர், மத்தவங்களுக்கு காசு இல்ல, இல்ல வீட்ல விடல. அதனால பாத்தவன் கதை சொல்லியே ஆகணும், சாப்பாட்டு மணியில வேப்பமரத்தடியில எல்லாரும் சுத்தி உக்காந்துடுவாங்க. சண்டைக் காட்சியை எழுந்து நின்னு செஞ்சு காமிக்கணும், பாட்டை பாடணும், பாட்டு வரலேன்னா புஸ்தகத்தைப் பாத்து படிக்கணும். முடிவை சொல்லலாமா கூடாதான்னா, முதல்ல ஒரு வார்த்தை கேக்கணும்: "யாராவது இந்த வாரம் போறீங்களாடா?" ஒருத்தன் கை தூக்கினாலும், பாட்டுப் புஸ்தகத்துல கதைச் சுருக்கம் எந்த இடத்துல "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு நிக்குதோ அங்க நிறுத்திடணும், அவன் எழுந்து தண்ணி குடிக்கப் போனப்புறம் மத்தவங்களுக்கு மீதியைச் சொல்லலாம்.